எதை நூறாக எடுத்தீர்கள்? இருவழி அட்டவணை போடப் பழகுகிறவர்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கம் முதல் தடவையாகக் கள ஆய்வுக்கு இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல்கலைக்கழக இறுதியாண்டுப் பிள்ளைகள், புதிதாக நியமனம் பெற்ற அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து வினாக்கொத்தும் கையுமாக ஊர் ஊராகத் திரிகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். தகவல் சேர்க்கிற வரைக்கும் வேலை ஒருமாதிரி ஓடிவிடும். அதற்குப் பிறகு மேற்பார்வையாளர், "இந்த இரண்டு கேள்வியையும் சேர்த்து ஓர் அட்டவணை போட்டுக்கொண்டு வாருங்கோ" என்பார். எப்படிப் போடுவது, போட்டதை எப்படி வாசிப்பது என்று உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடைக்காது. நான் தொடங்கிய காலத்தில் பாடநூலில் ஒரு துண்டு, யாரோ ஒருவரின் குறிப்பில் இன்னொரு துண்டு என்று பொறுக்கித்தான் படிக்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இந்த வேலையில் கணக்கு கஷ்டமே இல்லை. கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். கஷ்டம் எல்லாம் ஒரே கேள்வியில் இருக்கிறது: எதை நூறாக எடுக்கிறீர்கள்? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் அட்டவணை உங்களிடம் பொய் சொல்லாது.

ஒரு எச்சரிக்கை. கீழே வரும் கமக்காரர் எண்கள் பழகுவதற்காக நான் போட்டவை. அவை எந்த ஊரின் கணக்கும் அல்ல. எடுத்து அறிக்கையில் போட்டுவிடாதீர்கள்.

படி 1: கேள்வியை இரண்டு மாறிகளாக ஒடுக்குங்கள்

இருவழி அட்டவணைக்கு வேண்டியவை இரண்டு மாறிகள். இரண்டும் வகைகளாகப் பிரிய வேண்டும். வயது, வருமானம், ஏக்கர் போன்ற எண்கள் என்றால் முதலில் அவற்றை வகையாக்க வேண்டும் (2 ஏக்கருக்குக் குறைவு, 2 அல்லது அதற்கு மேல் என்பது போல).

நாங்கள் எடுக்கப்போகும் கேள்வி இது: வீட்டில் எடுத்து வைத்த விதைநெல்லை விதைத்த வயல்களில் களைநெல் கூடுதலாக வருகிறதா? களைநெல் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இளம் பயிராக இருக்கும்போது நெல்லையும் அதையும் பிரித்துச் சொல்வது லேசில்லை. கதிர் விட்ட பிறகுதான் வேறாகத் தெரியும், பெரும்பாலும் பயிருக்கு மேலாகத் தலை நீட்டி நிற்கும். நெல் அறுவடைக்கு வருவதற்கு முன்பே தன் மணிகளைக் கொட்டிவிடும். கொட்டியது அடுத்த போகத்தில் முளைக்கும். அறுத்த நெல்லோடு கொஞ்சம் கலந்து விதைநெல் மூட்டைக்குள்ளும் போய்விடும்.

ஆக, மாறி ஒன்று விதைநெல். வகைகள்: வீட்டு விதை, வாங்கிய தரமான விதை. மாறி இரண்டு களைநெல். வகைகள்: வந்தது, வரவில்லை. எது எதைப் பாதிக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அந்தக் காரண மாறியை நிரைகளில் வையுங்கள், விளைவை நிரல்களில் வையுங்கள். இது சட்டமில்லை. ஆனாலும் எப்போதும் ஒரே மாதிரி வைத்துப் பழகினால் பின்னால் தடுமாற்றம் வராது.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒருவர் ஒரு பெட்டிக்குள்தான் விழ வேண்டும். நிரையாலும் நிரலாலும் பிரியும் ஒவ்வொரு பெட்டியையும் இனிக் கட்டம் என்கிறேன். களத்தில் ஒரு முதிய கமக்காரர் இப்படிச் சொல்வார்: "தம்பி, மேட்டு வயலுக்கு வீட்டு நெல்லு, பள்ளத்துக்கு வாங்கினது. என்னை எதிலை போடப்போறீர்?" நியாயமான கேள்வி. பதிலை வயலில் நிற்கும்போது யோசிக்கக் கூடாது, வினாக்கொத்து அடிக்கும்போதே முடிவெடுத்திருக்க வேண்டும். நீங்கள் எண்ணுவது கமக்காரரையா, வயல் துண்டையா? கமக்காரர் என்றால் "உங்கள் பெரிய வயல் துண்டைப் பற்றி மட்டும் சொல்லுங்கோ ஐயா" என்று கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். "பொருந்தும் அனைத்தையும் குறிக்கவும்" என்ற வகைக் கேள்வியை இந்த அட்டவணைக்குப் பாவிக்க முடியாது. ஒரே ஆள் இரண்டு கட்டத்தில் எண்ணப்பட்டால் பின்னால் செய்கிற சோதனை முழுவதும் செல்லாது.

படி 2: கடிதம், தாள், காலம்

ஆவணங்களை முதலில் ஒழுங்கு பண்ணுங்கள். பல்கலைக்கழகமோ நிறுவனமோ தந்த அறிமுகக் கடிதம் கடிதத் தலைப்புள்ள தாளில், முத்திரையோடு இருக்க வேண்டும். அதை வைத்து பிரதேச செயலகத்தில் அனுமதி கேளுங்கள். ஒரு பிரதி விதானையாருக்கு, இன்னொன்று கமநல சேவை நிலையத்துக்கு. கமக்காரர் அமைப்பின் தலைவரையோ செயலாளரையோ தனியாகச் சந்தியுங்கள். அங்கத்தவர் பட்டியல் அவர்களிடம்தான் இருக்கும், அந்தப் பட்டியல் இல்லாமல் ஒழுங்கான மாதிரி எடுக்க முடியாது. வீதியோர வீடுகளை மட்டும் பிடித்து நிரப்பினால், வாய்க்கால் கடைசியில் வயல் வைத்திருப்பவர்கள் உங்கள் அட்டவணைக்குள் வரவே மாட்டார்கள். கடிதத்துக்குப் பதில் வர ஒரு மாதமாவது பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். முன்பே வந்தால் நல்லது.

செலவைப் பொறுத்தவரை வினாக்கொத்து இரண்டு பக்கத்துக்குள் அடங்கினால் ஒரே தாளின் இரு புறமும் அடிக்கலாம், 160 பேருக்கு 160 தாள். நாலு பக்கமானால் 320. கிழிவது, நனைவது, பிழையாக நிரப்புவது என்று பத்துக்கு ஒன்றாவது கூடுதலாக அடித்து வையுங்கள். உண்மையான செலவு பெற்றோலில்தான் போகும், அதுவும் விடுபட்ட ஒரு பதிலுக்காக மறுபடி அதே ஊருக்குப் போவதில். முற்றத்தை விட்டு இறங்கும் முன் தாளை ஒருமுறை பாருங்கள். இரண்டு முக்கியக் கேள்விகளில் ஒன்று வெறுமையாக இருந்தாலும் அந்த ஆள் இந்த அட்டவணைக்குள் வர மாட்டார். கைபேசியில் கோபோ போன்ற செயலியைப் பாவித்தால் தாள் செலவு இல்லை. சிக்னல் இல்லாத இடத்திலும் பதியலாம், பிறகு சிக்னல் வந்ததும் அனுப்பலாம். கட்டாயக் கேள்வி என்று அமைத்துவிட்டால் வெறுமையும் வராது.

காலம் முக்கியம். காலபோகத்துக்கு ஒக்டோபர், நவம்பரில் விதைப்பார்கள், பெப்ரவரி, மார்ச்சில் அறுப்பார்கள். விதைப்பு நேரத்தில் யாரும் உங்களோடு இருந்து கதைக்க மாட்டார்கள். நவம்பர், டிசம்பர் மாரியில் உள் ஒழுங்கைகள் பலவற்றுக்குள் போகவே முடியாது. களைநெல்லைப் பற்றிக் கேட்பதென்றால் கதிர் தெரியும் காலமும் அறுவடையை ஒட்டிய நாட்களும்தான் பொருத்தம். சிறுபோகம் வரை தள்ளிப் போட்டால் மறதி புகுந்துவிடும்.

படி 3: தாள்களைப் பாயில் பிரியுங்கள்

கணினிக்கு முன் உட்காருவதற்கு முதல் இதை ஒருமுறை கையால் செய்யுங்கள், தயவுசெய்து. நிரப்பிய தாள்கள் முழுவதையும் எடுத்து ஒரு பாயில் இருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். முதலில் விதைநெல் கேள்வியை மட்டும் பார்த்து இரண்டு குவியலாக்குங்கள், வீட்டு விதை இடப்பக்கம், வாங்கிய விதை வலப்பக்கம். பிறகு ஒவ்வொரு குவியலையும் களைநெல் கேள்வியைப் பார்த்து இரண்டாகப் பிரியுங்கள். இப்போது நான்கு குவியல். எண்ணுங்கள். அந்த நான்கு எண்களும்தான் உங்கள் இருவழி அட்டவணை.

| | களைநெல் வந்தது | வரவில்லை | மொத்தம் |
|---|---|---|---|
| வீட்டு விதை | 48 | 52 | 100 |
| வாங்கிய விதை | 18 | 42 | 60 |
| மொத்தம் | 66 | 94 | 160 |

உள்ளே இருக்கும் நான்கு எண்கள் மீடிறன்கள். ஓரத்தில் இருப்பவை ஓர மொத்தங்கள். வலது கீழ் மூலையில் இருப்பது முழு மொத்தம். நிரைகளின் மொத்தத்தைக் கூட்டினாலும் 160 வர வேண்டும், நிரல்களின் மொத்தத்தைக் கூட்டினாலும் 160 வர வேண்டும். அந்த 160, தாள்களின் எண்ணிக்கையோடும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மேலே போகாதீர்கள். "தெரியாது" என்றவர்களும் பதில் தராதவர்களும் ஐந்தாவது குவியலாக ஓரத்தில் இருக்கட்டும். எத்தனை பேர் என்று குறித்து வையுங்கள், அறிக்கையில் சொல்ல வேண்டி வரும். அவர்களைப் பேசாமல் "வரவில்லை"க்குள் தள்ளிவிடுவது நான் அடிக்கடி காணும் தவறு.

படி 4: எது நூறு என்று முடிவெடுங்கள்

கட்டுரையின் மையம் இதுதான், ஆறுதலாக வாசியுங்கள்.

48 என்ற ஒரே எண்ணிலிருந்து மூன்று சதவீதங்கள் எடுக்கலாம். மூன்றும் சரி, ஆனால் மூன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள்.

48ஐ 160ஆல் வகுத்தால் 30 சதவீதம். கேள்விக்கு வந்த எல்லோரும் இங்கே நூறு. "மொத்தக் கமக்காரரில் 30 சதவீதமானோர் வீட்டு விதை போட்டு, களைநெல்லும் கண்டவர்கள்." இது உண்மை, ஆனால் தொடர்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

48ஐ 100ஆல் வகுத்தால் 48 சதவீதம். வீட்டு விதை போட்டவர்கள் நூறு. வாங்கிய விதைக்கும் அப்படியே செய்தால், 18ஐ 60ஆல் வகுக்க 30 சதவீதம். இப்போதுதான் ஒப்பிட முடிகிறது: வீட்டு விதையில் நூற்றுக்கு 48 பேரின் வயலில் களைநெல், வாங்கிய விதையில் நூற்றுக்கு 30. இடைவெளி 18 சதவீதப் புள்ளிகள். உயர்தரத்தில் நிபந்தனை நிகழ்தகவு படித்தவர்களுக்கு இது பழக்கமானது. நிபந்தனை எதுவோ அதுதான் நூறு.

48ஐ 66ஆல் வகுத்தால் ஏறக்குறைய 73 சதவீதம். களைநெல் கண்டவர்கள் நூறு. "களைநெல் வந்த வயல்களில் 73 சதவீதம் வீட்டு விதை போட்டவை!" கேட்க எவ்வளவு பெரிதாக இருக்கிறது பாருங்கள். கூட்டத்தில் இதைச் சொன்னால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் 160 பேரில் 100 பேர், அதாவது 62.5 சதவீதமானோர், எப்படியும் வீட்டு விதை போடுகிறவர்கள்தான். விதைக்கும் களைநெல்லுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் அந்த எண் 62.5க்குக் கிட்டத்தான் வந்திருக்கும். 73ஐ ஒப்பிட வேண்டியது பூச்சியத்தோடு அல்ல, 50ஓடும் அல்ல, 62.5ஓடு.

அப்படியானால் எப்போது எதை எடுப்பது? காரணம் என்று நினைக்கும் மாறியின் ஒவ்வொரு வகையையும் நூறாக எடுத்து, விளைவை அதற்குள் பாருங்கள். காரணம் நிரையில் இருந்தால் நிரைச் சதவீதம். சதவீதங்கள் எந்தப் பக்கமாகக் கூடி நூறாகின்றன என்பதை அட்டவணையிலேயே காட்டுங்கள், கடைசி நிரலில் "100" என்று எழுதிவிட்டால் வாசிப்பவருக்குக் குழப்பம் வராது.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயைப் பற்றி ஆய்வு செய்ய நினைப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். நீங்கள் கிளினிக்கில் 50 நோயாளரையும், ஊரில் நோயில்லாத 50 பேரையும் தேடிப் பிடித்து, எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்கிறீர்கள் என்று வைப்போம். இங்கே நோயாளர் எத்தனை பேர் என்பதை நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள். ஆகவே "குழாய்க்கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களில் இத்தனை சதவீதத்துக்கு நோய்" என்று எழுத உங்களுக்கு உரிமையில்லை. நோயில்லாதோர் 50க்குப் பதில் 500 பேரைப் பிடித்திருந்தால் அந்தச் சதவீதம் தலைகீழாக மாறியிருக்கும். இந்த வகை ஆய்வில் நோயாளரை நூறாக எடுத்து, நோயில்லாதோரை இன்னொரு நூறாக எடுத்து, இரண்டுக்குள்ளும் தண்ணீர் எப்படிப் பிரிகிறது என்று பார்க்க வேண்டும். மாதிரியை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தீர்களோ அந்தப் பக்கம்தான் நூறு. ஒரு பிழையான சதவீதம் ஒரு கிராமத்தையே தன் கிணற்றைக் கண்டு பயப்பட வைத்துவிடும்.

படி 5: தொடர்பே இல்லாவிட்டால் எப்படி இருந்திருக்கும்?

18 புள்ளி இடைவெளி தற்செயலாகவும் வரலாம். வேறு 160 பேரைப் பிடித்திருந்தால் வேறு எண் வந்திருக்கும். அதனால் முதலில் தொடர்பே இல்லாத ஓர் உலகத்தை எழுதிப் பார்க்கிறோம். அங்கே எந்த விதை போட்டாலும் களைநெல் வரும் வீதம் ஒன்றுதான்: 160க்கு 66, அதாவது 41.25 சதவீதம்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிர்பார்க்கும் மீடிறன் இப்படி வரும்: அந்த நிரையின் மொத்தத்தை அந்த நிரலின் மொத்தத்தால் பெருக்கி, முழு மொத்தத்தால் வகுங்கள்.

வீட்டு விதை, வந்தது: 100 × 66 ÷ 160 = 41.25
வீட்டு விதை, வரவில்லை: 100 × 94 ÷ 160 = 58.75
வாங்கியது, வந்தது: 60 × 66 ÷ 160 = 24.75
வாங்கியது, வரவில்லை: 60 × 94 ÷ 160 = 35.25

கால் கமக்காரர் எங்கே இருக்கிறார் என்று யோசிக்காதீர்கள், தசமத்தை அப்படியே வைத்திருங்கள். முழு எண்ணாக்கினால் அடுத்த படியில் விடை மாறும்.

படி 6: கைவர்க்கச் சோதனை

கண்டதும் எதிர்பார்த்ததும் மொத்தத்தில் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று ஒரே எண்ணில் அளப்பதுதான் இந்தச் சோதனை (ஆங்கிலத்தில் chi-square). ஒவ்வொரு கட்டத்திலும் கண்ட மீடிறனிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, வர்க்கமாக்கி, எதிர்பார்த்ததால் வகுங்கள். நான்கையும் கூட்டுங்கள். எங்கள் அட்டவணையில் எல்லாக் கட்டத்திலும் வித்தியாசம் 6.75தான் (இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் எப்போதும் ஒரே அளவுதான் வரும், வராவிட்டால் எங்கோ கணக்குப் பிழை). அதன் வர்க்கம் 45.5625. வகுத்தால் முறையே 1.10, 0.78, 1.84, 1.29. கூட்டினால் 5.01.

இதை ஒப்பிட ஓர் எல்லை வேண்டும். சுயாதீன அளவு என்பது நிரைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, நிரல்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, இரண்டையும் பெருக்கினால் வருவது. எங்களுக்கு 1. மொத்தம் என்ற நிரையையும் நிரலையும் சேர்த்து எண்ணிவிடாதீர்கள். 5 சதவீத மட்டத்தில், அதாவது தொடர்பே இல்லாத உலகத்தில் நூற்றுக்கு ஐந்து தடவைதான் தாண்டக்கூடிய எல்லைகள் இவை: சுயாதீன அளவு 1 என்றால் 3.841, 2 என்றால் 5.991, 3 என்றால் 7.815, 4 என்றால் 9.488. எங்கள் 5.01, 3.841ஐத் தாண்டிவிட்டது. பி பெறுமானம் ஏறக்குறைய 0.025. இதன் பொருள்: தொடர்பே இல்லாத உலகத்தில் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய விலகல் தற்செயலாக வர, நூற்றுக்கு இரண்டு மூன்று தடவைதான் வாய்ப்பு. "தொடர்பு இருப்பதற்கு 97.5 சதவீத வாய்ப்பு" என்று இதை எழுதக் கூடாது. அதைச் சோதனை சொல்லவே இல்லை.

எங்கே கவனம் வேண்டும்?

எதிர்பார்த்த மீடிறன் ஏதாவது ஒரு கட்டத்தில் 5க்குக் குறைந்தால் இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், பிஷரின் துல்லியச் சோதனையை எடுங்கள். கண்ட மீடிறன் 5க்குக் குறைவது பிரச்சினையில்லை, எதிர்பார்த்ததைத்தான் பார்க்க வேண்டும். பெரிய அட்டவணை என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கட்டங்கள் 5க்குக் கீழே போகக் கூடாது, எதுவும் 1க்குக் கீழே போகக் கூடாது. போனால், பொருள் கெடாதவாறு பக்கத்து வகைகளைச் சேர்த்து ஒன்றாக்கலாம். ஆறேழு வகையாகப் பிரித்து 40 பேரை அதற்குள் தூவிவிட்டுச் சோதனை செய்தால் ஒன்றும் கிடைக்காது.

சதவீதங்களை வைத்து இந்தக் கணக்கைச் செய்யவே கூடாது. மீடிறன்கள்தான் வேண்டும். காரணம் எளிது: ஆட்களின் தொகை கூடக் கூட விடையும் கூடும். இதே 48, 30 சதவீதங்கள் 1600 பேரிடம் வந்திருந்தால் விடை 50.1. தொடர்பு பத்து மடங்கு பலமாகிவிடவில்லை, சான்றுதான் கூடியிருக்கிறது. பலத்தை அளக்க, விடையை முழு மொத்தத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு இதுதான் பை (phi) குணகம். எங்களுக்கு 0.18. பூச்சியம் என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. 0.18 மெல்லிய தொடர்புதான், அதை அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று. ஒரே கமக்காரரிடம் பயிற்சிக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை கேட்டிருந்தால் இந்தச் சோதனை பொருந்தாது. அதற்கு மக்னெமர் சோதனை. நிறுவன அறிக்கைகளில் "முன், பின்" அட்டவணைகள்தான் அதிகம், அதனால் சொல்கிறேன்.

படி 7: மூன்றாவது மாறியைத் தேடுங்கள்

இத்தோடு நிறுத்தி "வாங்கிய விதை களைநெல்லைக் குறைக்கிறது" என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். நான்கு குவியலையும் மறுபடி எடுத்து, விதைத்த முறையைப் பார்த்துப் பிரியுங்கள். வீச்சு விதைப்பா, நாற்று நடுகையா?

வீச்சு விதைப்பு: வீட்டு விதை 80 பேரில் 44 பேருக்குக் களைநெல் (55 சதவீதம்). வாங்கிய விதை 24 பேரில் 12 (50 சதவீதம்).
நாற்று நடுகை: வீட்டு விதை 20 பேரில் 4 (20 சதவீதம்). வாங்கிய விதை 36 பேரில் 6 (ஏறக்குறைய 17 சதவீதம்).

கூட்டிப் பாருங்கள், பழைய 48உம் 18உம் வரும். ஆனால் 18 புள்ளி இடைவெளி எங்கே போனது? ஒவ்வொரு முறைக்குள்ளும் 5, 3 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. உண்மையில் பெரிய வித்தியாசம் வீச்சுக்கும் நடுகைக்கும் இடையில் இருக்கிறது. விதை வாங்கியவர்களில் கூடுதலானோர் நடுகை செய்தவர்கள், அதனால்தான் விதை நல்ல பெயர் எடுத்தது. நடுகையில் வயலில் தண்ணீர் நிற்கும், நாற்று முந்திக்கொண்டு வளரும், வரிசைக்கு வெளியே முளைப்பது கண்ணில் படும். காரணத்தை வயலே சொல்கிறது. முதல் அட்டவணையை மட்டும் நம்பி, கையில் காசில்லாத கமக்காரரிடம் "விதையை வாங்குங்கோ" என்று சொல்லியிருந்தால் அவர் வீணாகக் கடன்பட்டிருப்பார்.

சில வேளை இடைவெளி சுருங்குவதோடு நிற்காது, திசையே மாறிவிடும். 1986இல் இங்கிலாந்தில் வெளியான சிறுநீரகக் கல் சிகிச்சை ஒப்பீடு இதற்குப் பேர்போனது. திறந்த சத்திரசிகிச்சை 350 பேரில் 273 பேருக்கு வெற்றி, 78 சதவீதம். தோல் வழியே துளையிட்டுச் செய்த சிகிச்சை 350 பேரில் 289 பேருக்கு வெற்றி, 83 சதவீதம். துளைச் சிகிச்சைதான் நல்லது போலத் தெரிகிறது. கல்லின் அளவால் பிரித்தால் கதை வேறு. சிறிய கல்லில் திறந்த முறை 87இல் 81 (93 சதவீதம்), துளை முறை 270இல் 234 (87 சதவீதம்). பெரிய கல்லில் திறந்த முறை 263இல் 192 (73 சதவீதம்), துளை முறை 80இல் 55 (69 சதவீதம்). இரண்டு அளவிலும் திறந்த முறைதான் முன்னால். கடினமான பெரிய கற்கள் அதிகமாகத் திறந்த முறைக்குப் போனதால் மொத்தத்தில் அது பின்னால் தெரிந்தது.

மூன்றாவது மாறி எது என்று எந்த மென்பொருளும் சொல்லாது. வயலைத் தெரிந்தவர்கள்தான் சொல்வார்கள். ஆகவே வினாக்கொத்து அடிக்கும் முன்பே கமநல சேவை நிலையத்திலும் நாலு கமக்காரரிடமும் "இது எதனால் வருகிறது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் இரண்டு மூன்று காரணங்களையும் கேள்வியாகச் சேருங்கள். கேட்காமல் விட்ட கேள்வியைப் பின்னால் அட்டவணைக்குள் கொண்டுவர வழியில்லை.

படி 8: கணினியில்

எக்செலில் ஒரு நிரை ஒரு ஆள், ஒரு நிரல் ஒரு கேள்வி என்று பதியுங்கள். "வீட்டு விதை", "வீட்டுவிதை", "வீட்டு  விதை" என்று மூன்று விதமாக அடித்தால் மூன்று வகையாக எண்ணும், அதனால் 1, 2 என்று குறியீடு கொடுங்கள். பிவட் டேபிள் ஒரு நிமிடத்தில் அட்டவணை தரும். அதில் சதவீதம் காட்டச் சொல்லும்போது நிரை மொத்தமா, நிரல் மொத்தமா, முழு மொத்தமா என்று கேட்கும். படி 4 இங்கேதான் கைகொடுக்கும்.

எக்செலின் கைவர்க்கச் சார்பு 5.01ஐத் தராது, நேரே பி பெறுமானத்தைத் தரும். அதற்கு எதிர்பார்த்த மீடிறன்களின் அட்டவணையை நீங்களே போட்டுக் காட்ட வேண்டும், மொத்தங்களை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் கட்டங்களை மட்டும் தெரிவு செய்ய வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ் காசுக்கு விற்கப்படுவது. கிட்டத்தட்ட அதே முகத்தோடு பி.எஸ்.பி.பி இலவசமாகக் கிடைக்கிறது, ஆர் இலவசம், லிப்ரே ஒஃபிஸும் இலவசம். இவ்வளவு சிறிய வேலைக்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம், திருட்டுப் பிரதியை ஏற்றிக் கணினியைக் கெடுக்கவும் வேண்டாம். 160 தாளைப் பதிய இரண்டு பேர் இருந்தால் நல்லது, ஒருவர் வாசிக்க மற்றவர் அடிக்கலாம். பிறகு பத்துக்கு ஒரு தாளை எடுத்துத் திரையோடு ஒப்பிடுங்கள்.

படி 9: அறிக்கையில் எழுதுவது

அட்டவணைத் தலைப்பில் என்ன, எங்கே, எப்போது, எத்தனை பேர் என்ற நான்கும் வர வேண்டும். மீடிறனும் நிரைச் சதவீதமும் இரண்டும் இருக்கட்டும். சதவீதம் மட்டும் போட்டால் 50 சதவீதம் என்பது 24இல் 12ஆ, 2இல் 1ஆ என்று வாசிப்பவருக்குத் தெரியாது. அட்டவணைக்குக் கீழே விடுபட்டவர்களின் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

வசனம் இப்படி இருக்கலாம்: "வீட்டு விதை பயன்படுத்திய 100 கமக்காரரில் 48 சதவீதத்தினரும், வாங்கிய விதை பயன்படுத்திய 60 பேரில் 30 சதவீதத்தினரும் களைநெல்லைக் கண்டுள்ளனர் (கைவர்க்கம் 5.01, சுயாதீன அளவு 1, பி 0.025). ஆனால் விதைப்பு முறையால் பிரித்துப் பார்க்கையில் இந்த வித்தியாசம் வீச்சு விதைப்பில் 5 புள்ளியாகவும் நாற்று நடுகையில் 3 புள்ளியாகவும் குறைகிறது." "காரணமாகிறது", "குறைக்கிறது" போன்ற சொற்களை விட்டு "தொடர்புபட்டுள்ளது" என்று எழுதுங்கள். மேற்பார்வையாளர் கேட்டாலும் அதற்கு மேல் போகாதீர்கள்.

கமக்காரர் அமைப்புக்கு ஒரு பக்கத் தமிழ்ப் பிரதி கொடுங்கள். அதில் கைவர்க்கம், பி எதுவும் வேண்டாம், நூற்றுக்கு எத்தனை பேர் என்பது போதும். நூறு யார் என்பதைச் சொற்களாலேயே எழுதுங்கள்: "வீசி விதைத்த நூறு பேரில்", "நட்ட நூறு பேரில்" என்று. விதைநெல் எடுத்து வைக்கும் அறுவடைக் காலம் முடிவதற்கு முன் அந்தத் தாள் அவர்கள் கைக்குப் போய்ச் சேருமாறு உங்கள் நாட்களைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.